கண்டம் கழிந்தவர் தேவை

அருள்முருகனை அரும்பாவூரில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனிடம் ஓட்டுவதற்கு ஒரு வண்டியும் இல்லை என்பதுதான் அதிலிருந்த வேடிக்கை. ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே அவன் அம்மா பொன்னுத்தாய், வெங்காயக் காட்டில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தேங்காய் மிட்டாய் கொடுத்து, "எம் மவன் லாரி டிரைவராயிட்டான்" என்று சொல்லிவிட்டாள். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றால், "என்ன டிரைவரே, இன்னைக்கு பஸ்ஸா?" என்று கேட்டார்கள். நேற்றும் பஸ்தான், முந்தாநாளும் பஸ்தான் என்பது கேட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மகன் லாரி ஓட்டுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பொன்னுத்தாய்க்கு ஆசை. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, அவசரம். தின்று முடித்த மிட்டாய்க்கு ஊர் பதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெங்காயம் ஏற்ற லாரி வரும்போதெல்லாம், "இது ஒம் மவன் வண்டியா பொன்னுத்தாயி?" என்று யாராவது கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் வெங்காயத் தாளை அறுப்பாள். வெங்காயக் காட்டில் கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை.

பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து பைபாஸ் வரை உள்ள லாரி ஆபீஸ்களில் அருள்முருகன் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" இல்லை என்றால், "ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வா." அந்த ரெண்டு வருஷத்தை எங்கே போய் ஓட்டுவது என்று அவன் ஓரிடத்தில் கேட்டுவிட்டான். "அத வேற ஆபீஸ்ல கேளு" என்றார் அங்கிருந்தவர். வேறு ஆபீஸில் கிளீனராகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். "டிகிரி முடிச்ச புள்ளைங்கிற. ஒன்கிட்ட போயி கண்ணாடியத் தொடைடான்னு சொல்ல எனக்கு வாய் வருமா?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். படித்ததால் கிளீனர் வேலை இல்லை, ஓட்டாததால் டிரைவர் வேலை இல்லை. ஒருவனை மரியாதையாகப் பட்டினி போட நம்மிடம் எத்தனை வழிகள் இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இப்படி டீ குடித்துக் குடித்து வயிறு புண்ணாகியிருந்த நேரத்தில்தான் அரியலூர் லீலாவதியைப் பற்றி அவன் கேள்விப்பட்டான். சொந்தமாக டிப்பர் லாரிகள் வைத்திருக்கிற அம்மாள். டிரைவர் வேண்டுமாம், அனுபவமே கேட்பதில்லையாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

அரியலூர்ப் பக்கம் பாதி லாரிகள் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் போகும். மீதிப் பாதி காலியாகத் திரும்பி வரும். அந்த ரோட்டில் வேப்பமரங்கள்கூட வெள்ளையடித்த மாதிரிதான் நிற்கும். ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட்டின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் லீலாவதி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, மடியில் செல்போன். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டுவியா?"

"ஓட்டுவேங்க. ஆனா எக்ஸ்பீரியன்ஸ் மட்டும்..."

"அத நான் கேட்டனா? கண்டம் கழிஞ்சிருச்சா?"

அருள்முருகனுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"வாகன கண்டம் தம்பி. வண்டி எங்கயாச்சும் கவுந்துருக்கா? எவன் மேலயாவது மோதியிருக்கியா?"

ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு கீறல்கூட வுழுந்தது கெடையாதுங்க" என்றான். லீலாவதியின் முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனுக்கு ஏதோ நோய் என்று கேள்விப்பட்டவள் மாதிரி, "டீ குடிச்சிட்டுப் போப்பா" என்றாள்.

டீ என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. கீறல் விழாதது ஒரு குற்றமா என்று கேட்டான். அவளும் பொறுமையாகத்தான் விளக்கினாள். மனுஷனாகப் பிறந்த ஒவ்வொருவனுக்கும் ஆயுசில் ஒரு வாகன கண்டம் உண்டு. அது யாரையும் விடாது. அவள் முதன்முதலாக டிப்பர் வாங்கியபோது, இருபது வருஷமாக ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிக்காதவர் என்று பேர் வாங்கிய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டாள். அவர் வண்டியை எடுத்த வாரமே கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கிவிட்டார்.

"இருபது வருஷமா சேத்து வச்சிருந்துருக்கான் தம்பி. மொத்தத்தையும் என் வண்டியில எறக்கிட்டான்" என்றாள். "அன்னையிலேருந்து கண்டம் கழிஞ்சவனத்தான் எடுக்குறது. அங்க பாரு, வீரமணி. விக்கிரமங்கலத்துல ஏரிக்கரையிலேருந்து லாரியோட உருண்டவன். ஒரு பல்லோட போச்சு. இனிமே அவன எமனே வந்து தள்ளுனாலும் ஒண்ணும் ஆவாது."

தூரத்தில் ஒரு டிப்பரின் டயரில் சாய்ந்து நின்ற வீரமணி, போன பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தார். பெரிய படிப்புப் படித்தவர் மாதிரி ஒரு தோரணை அந்தச் சிரிப்பில் இருந்தது.

"நீயும் எங்கயாச்சும் கழிச்சிட்டு வா. வேல காத்துக் கெடக்கும்" என்று லீலாவதி முடித்தாள்.

அருள்முருகன் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் வேலை வேண்டுமே. சித்தப்பாவின் மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டு, அரும்பாவூருக்கு வெளியே ஆள் இல்லாத ஒரு வண்டிப்பாதையில் விழுவதற்காகப் போனான். விழுவது அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு தடவையும் பள்ளம் வருவதற்குள் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது, கால் தானாகவே தரையில் ஊன்றியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வரப்பில் ஏற்றினான். அறுவடை முடிந்து தண்ணீர் பாய்ச்சியிருந்த வயல் அவனை மெத்தை போல வாங்கிக்கொண்டது. உடம்பெல்லாம் சேறு, ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர், "டிரைவருக்கு மொபெட்டே ஓட்டத் தெரியல" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சேற்றோடு வந்து நின்ற மகனிடம் பொன்னுத்தாய் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவன் கைச் சேற்றைத் துடைத்துவிட்டாள்.

"ஒன் மொழங்கையில தழும்பு இருக்குல்ல?"

"அது புளியமரத்துலேருந்து வுழுந்ததும்மா."

"புளியமரம்னு தழும்புல எழுதியா வச்சிருக்கு?"

மறுநாள் அருள்முருகன் அரியலூர் போய், தான் முன்பு மறைத்துவிட்டதாகவும், மக்காச்சோளம் ஏற்றிய ஒரு மினி லாரியை ஆக்டிங் டிரைவராக ஓட்டிப்போய்க் கவிழ்த்ததாகவும், வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் சொல்லவில்லை என்றும் சொன்னான். லீலாவதி அவன் கையைப் பிடித்து, கத்தரிக்காய் வாங்குகிறவள் மாதிரி தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். "நல்ல அடிதான்" என்று திருப்தியோடு சொல்லி, சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள். அத்தனை ஆபீஸ்களும் கேட்ட அனுபவம் கடைசியில் ஒரு புளியமரத்திலிருந்து கிடைத்தது.

முதல் சில நாட்கள் வீரமணிதான் கூட உட்கார்ந்து வழி காட்டினார். சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் போய்த் திரும்பினால் ஒரு நடை. எத்தனை நடை அடிக்கிறோமோ அதற்குத் தகுந்தாற்போல் சம்பளம். வீரமணி தன் வண்டியை ஓட்டும்போது ஒரு கையில் போன் இருக்கும், இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். ஸ்டியரிங்கை எப்போது பிடிக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. பயமாக இல்லையா அண்ணே என்று அருள்முருகன் கேட்டான். "எதுக்குப்பா பயம்? எனக்குத்தான் முடிஞ்சிபோச்சே" என்றார். லீலாவதியின் டிரைவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் ஓட்டினார்கள். அவளுடைய மஞ்சள் டிப்பர் வருகிறது என்றால் அந்த ரோட்டில் மாடுகூட யோசிக்காமல் ஓரமாகப் போய்விடும்.

அருள்முருகனுக்கு நேர்ந்தது வேறு. முதல் தடவை தனியாக லோடு ஏற்றிக்கொண்டு சுரங்கத்தைவிட்டு மேட்டில் ஏறும்போது, பின்னால் இருந்த கல் மலையின் கனம் முதுகில் தெரிந்தது. கூடவே ஒரு எண்ணம் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கழிந்துவிட்டது. தன்னுடையது மட்டும் முழுசாக, ஒரு துளி குறையாமல் அப்படியே இருக்கிறது. உண்மை பேசிய வரைக்கும் கண்டத்தை நம்பாதவன், பொய் சொன்னதிலிருந்து நம்ப ஆரம்பித்தான். பயந்து நடுங்கினான் என்றே சொல்லலாம்.

அதனால் பிரேக் போட்டான். ஸ்கூல் பிள்ளைகள் ரோட்டோரம் நின்றால் நிறுத்தினான். சைக்கிளில் யாராவது கிழவர் ஆடிக்கொண்டு போனால் அவர் பின்னாலேயே ஊர்ந்தான். கோழி தெரிந்தால் ஹாரன் அடித்து, அது முடிவெடுக்கும் வரை காத்திருந்தான். ரோட்டோரத்து ஜனங்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மஞ்சள் டிப்பர் நிற்கிறது என்றால் டீசல் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, பங்க்குக்கு வழி சொன்னார்கள். பிறகு பழகிவிட்டது. ஒரு டீக்கடைக்காரர் அவனைக் கூப்பிட்டு, காசு வேண்டாம் என்று டீ கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக டீ அவனுக்கு இனித்தது.

லீலாவதிக்கு இனிக்கவில்லை. மற்றவர்கள் அடிக்கிற நடையில் பாதிகூட அவன் அடிக்கவில்லை. முதலில் வண்டியைச் சந்தேகப்பட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வண்டியில் குறை இல்லை, பிரேக் கட்டை மட்டும் ரொம்பத் தேய்ந்திருக்கிறது என்றார் அவர். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவள் நேரே சுரங்கத்துக்கே வந்துவிட்டாள். அருள்முருகன் அப்போதுதான் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான்.

"கீழ எறங்கு. நீ எதுக்குய்யா இத்தன பிரேக் போடுற?"

"குறுக்க ஆளு வருதுங்க ஓனரம்மா."

"எல்லாருக்கும்தான் வருது. கண்டம் கழிஞ்சவன் எவனும் இப்படிப் பிரேக் பிடிக்க மாட்டான். நெசத்தச் சொல்லு. ஒனக்குக் கழியல. அப்படித்தான?"

அவன் முழங்கையை மறைத்துக்கொண்டு, "புளியமரம்ங்க" என்றான்.

லீலாவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவளுடைய வண்டி ஒரு முழுக் கண்டத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் அலைந்திருக்கிறது. கிணறு கண் முன்னால் வந்திருக்க வேண்டும். "ஏத்துன லோட ஆலையில எறக்கிட்டு, ஷெட்டுல சாவியக் குடுத்துட்டு ஊரப் பாக்கப் போ" என்றாள். ஏற்றிய கல்லை அங்கேயே கொட்டச் சொல்லியிருந்தால் புத்திசாலித்தனமாக இருந்திருக்கும். ஒரு நடைக் கூலியை விட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தக் கடைசி நடையில் அருள்முருகன் அம்மாவை நினைத்துக்கொண்டே ஓட்டினான். அவள் இன்னும் வந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். இனி அரும்பாவூரில் டிரைவர் என்ற பேர் சாகும் வரை போகாது. ஆலைக்குத் திரும்புகிற வளைவுக்கு முன்னால் ஓர் ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. இவ்வளவு வருத்தத்திலும் அவன் கால் சரியாகத்தான் போனது. பிரேக்கை அழுத்தி, வண்டியை அலுங்காமல் நிறுத்தினான். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன.

பின்னால் வந்த வீரமணி யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு டிப்பர் நிற்கும் என்பது அவருடைய அனுபவத்திலேயே இல்லாத விஷயம். வந்த வேகத்தில் கொண்டுபோய் மோதினார்.

ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அருள்முருகனின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்துப் பிளந்து ரத்தம் கொட்டியது. பின்கதவு பிய்த்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் எல்லாம் வீரமணியின் பானட்டில் சரிந்தது. வீரமணிக்கு இன்னொரு பல் போயிற்று. இரண்டு வண்டிக்கும் ஒரே முதலாளி என்பதால் யார் மேல் யார் கேஸ் கொடுப்பது என்று தெரியாமல் விஷயம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு அருள்முருகன் உட்கார்ந்திருந்தபோது லீலாவதி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து அவன் எழுந்து நின்றான். அவள் அவன் நெற்றியில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், அதில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கழிஞ்சிருச்சு!" என்றாள். சுகப்பிரசவம் என்ற செய்தியைச் சொல்கிற மாதிரி வராந்தாவில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னாள். "கழிஞ்சிருச்சுப்பா! தலைக்கு வந்தது தையலோட போச்சு!"

"ஓனரம்மா, நான் நிறுத்தித்தான் வச்சிருந்தேன். வீரமணி அண்ணன்தான் வந்து..."

"வீரமணி என்ன பண்ணுவான் பாவம்? அவனுக்கு முன்னாடியே முடிஞ்சிபோச்சே. இது ஒன்னோட கண்டம். அதுதான் அவன இழுத்தாந்து மோத வச்சிருக்கு. அவன் பல்லு போனதுக்கும் நீதான் மன்னிப்புக் கேக்கணும்."

அவன் கேட்டான். வீரமணி பெருந்தன்மையாக மன்னித்தார். பேசும்போது இப்போது காற்று இரண்டு வழியாகப் போனது. அடுத்த நாள் லீலாவதி ஷெட்டில் பூசணிக்காய் உடைத்து, புது பிரேக் கட்டை போட்ட வண்டியின் சாவியை அவன் கையில் மறுபடியும் கொடுத்தாள். இனி அவனைப் போல ஒரு டிரைவர் இந்த ஜில்லாவில் கிடையாது என்றாள். பழைய டிரைவர்கள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

தையல் பிரிப்பதற்கு முன்பே அவனுடைய நடை கூடிவிட்டது. முதலில் கோழிகளுக்காக நிற்பது போயிற்று. பிறகு சைக்கிள்காரர்கள். வேண்டுமென்று செய்ததில்லை. கால் அங்கே போக வேண்டும் என்று மனசு சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழைய பயத்தைத் தேடிப் பார்த்தால் இருந்த இடம் காலியாக இருந்தது, அது சுகமாகவும் இருந்தது. டீக்கடைக்காரர் ஒரு நாள் கை காட்டிக் கூப்பிட்டார். அவன் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டான். மாதக் கடைசியில் லீலாவதி எண்ணிப் பார்த்தபோது அவனுக்கும் வீரமணிக்கும் நடை சமமாக இருந்தது.

பொன்னுத்தாய் கடைசியில் வந்தே விட்டாள். காட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். மகன் அவளைக் கைத்தாங்கலாக டிப்பரின் முன் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தான். அவ்வளவு உயரத்தில் அவள் எதிலும் உட்கார்ந்ததில்லை. வண்டி கிளம்பியதும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். ரோட்டில் போகிறவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டாள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் வெங்காயம் இல்லாததால் மறைக்கவும் முடியவில்லை.

முன்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

"ஆளு வருதுடா அருளு."

அவன் ஹாரன் அடித்தான்.

"அருளு! பிரேக்கப் போடுடா!"

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வண்டி அவள் சேலைத் தலைப்பைக் காற்றில் தூக்கிவிட்டுக் கடந்தது. பொன்னுத்தாய் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா" என்றான் அருள்முருகன். ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே போட்டிருந்தான். "இனிமே ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் கழிஞ்சிருச்சே."

"ஒனக்குக் கழிஞ்சிருச்சு. எனக்குக் கழியலயேடா! அந்தப் பொண்ணுக்குக் கழிஞ்சிருச்சா? இடுப்புல இருந்த புள்ளைக்குக் கழிஞ்சிருச்சா? நிறுத்துடா வண்டிய. நான் பஸ்ல போயிக்கிறேன்."

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் கதவைத் திறக்கப் போவதைப் பார்த்ததும்தான் பிரேக்கைப் போட்டான். நடை தவறுகிறதே என்று முனகிக்கொண்டே அவள் இறங்கும் வரை காத்திருந்தான். கை கொடுக்கக்கூட அவள் விடவில்லை. கம்பியைப் பிடித்துத் தானாகவே இறங்கினாள்.

"அப்ப போயிட்டு வாம்மா. போன் பண்றேன்" என்றான்.

பெரம்பலூர் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். பொன்னுத்தாய் ரோட்டைக் கடக்க வேண்டும். டிப்பரின் முன்பக்கம் வரை வந்தவள், இன்ஜின் உறுமிக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றாள். மேலே ஸ்டியரிங்கின் பின்னால் மகன் முகம் தெரிந்தது. நீ போம்மா என்று அவன் கையைக் காட்டினான். அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, லாரி முதலில் போகட்டும் என்று ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டாள்.